காப்பித் தோட்டத்துப் பெரிய சிலந்தி: தேடுவது, பார்ப்பது, வீட்டுக்குள் வந்தால் பத்திரமாக வெளியே விடுவது

அமேசான் காட்டின் கோலியாத் சிலந்தியைக் காணொளியில் பார்த்துவிட்டு, அதே நினைப்போடு சேர்வராயன் மலையில் டார்ச் எடுத்துக்கொண்டு இறங்குபவர்கள் இரண்டு தப்பு செய்கிறார்கள். தரையிலேயே தேடுகிறார்கள். கண்ணில் பட்டதும், 'முதலில் மயிரைத் தூவி மிரட்டும், கடிப்பதெல்லாம் அப்புறம்தான்' என்று நம்பிக் கிட்டே போகிறார்கள். இரண்டுமே அந்தக் காட்டுக்குச் சரி, இந்த மலைக்குச் சரிவராது. நம் பக்கத்துப் பெரிய சிலந்தி குடியிருப்பது மரத்தில். தூவுவதற்கு அதனிடம் மயிர் ஆயுதம் கிடையாது. ஓட வழி இல்லையென்றால் நேராகக் கடிதான்.

கோலியாத்தின் அறிவியல் பெயர் தெரபோசா பிளாண்டி. 1804-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேல் பெயர் வைத்தார். வெனிசுவேலா, கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, வட பிரேசில் ஆகிய இடங்களின் ஈரக்காட்டுத் தரையில் வளைக்குள் வாழ்கிறது. கால்களை விரித்தால் 28 முதல் 30 செ.மீ. வரும், எடை 175 கிராம் வரை போகும். நல்ல ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்தக் கனம். வயிற்றின் மேலிருக்கும் நுண்ணிய முள்மயிரைப் பின்னங்காலால் தேய்த்துக் காற்றில் விடும். கண்ணிலும் மூக்கிலும் பட்டால் எரிச்சல் தாங்காது. இந்த வித்தை அமெரிக்கக் கண்டங்களின் டாரன்டுலாக்களில், அதாவது மயிரடர்ந்த பெரிய சிலந்திகளில், பலவற்றுக்கு உண்டு, ஆசியச் சிலந்திகளுக்கு இல்லை. கோலியாத்துக்கு வழங்கும் 'பறவை தின்னி' என்ற பெயருக்குப் பின்னால் ஓர் ஓவியம் இருக்கிறது. ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட சூரினாம் படங்களில் ஒன்றில், ஒரு சிலந்தி தேன்சிட்டு போன்ற சிறு பறவையைத் தின்கிறது. கோலியாத்தின் அன்றாடச் சாப்பாடு மண்புழுவும் பூச்சியும் தவளையும்தான்.

நம்முடையது பொயிசிலோதீரியா என்ற பேரினம். இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இது இல்லை. அதில் பொயிசிலோதீரியா ஃபார்மோசா என்ற இனத்தை 1899-இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரெஜினால்டு போகாக் விவரித்தார். வெளிநாட்டுச் சிலந்தி ஆர்வலர்கள் அதை 'சேலம் ஆர்னமென்டல்' என்றே அழைக்கிறார்கள். சேலம் என்றதும் மாம்பழமும் ஜவ்வரிசியும் வெள்ளிக் கொலுசும் நினைவுக்கு வருகிற ஊரில், நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சிலந்தி இருப்பது பலருக்குத் தெரியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையில் இருக்கிறது. அதே 1899-இல் போகாக் விவரித்த இன்னொன்று பொயிசிலோதீரியா ரீகாலிஸ். அது தென்னிந்தியாவில் பரவலாக இருக்கிறது. முதிர்ந்த பெண்ணுக்குக் கால் விரிவு 15 முதல் 18 செ.மீ. இருக்கும். உடல் தட்டை, கோலியாத் போல உருண்டு திரண்டது அல்ல. விரல் நுழையாத பட்டை இடுக்குக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போக அந்தத் தட்டை உடல்தான் உதவுகிறது.

இனி இந்த மரச்சிலந்தியைப் பார்க்கும் வழி. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்: இது ஊர் சுற்றும் பிராணி அல்ல, ஒரு பொந்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பது. பெண் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது சிலந்தியை அல்ல, பொந்தை. பொந்து கிடைத்துவிட்டால் சிலந்தி தானாக வெளியே வரும்.

பகலில் பொந்து தேடுவது

முதல் வேலை அனுமதி. காப்பித் தோட்டம் என்றால் உரிமையாளரிடமோ கணக்குப் பார்க்கும் ரைட்டரிடமோ நேரில் சொல்லி, எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் கால் வைக்கக் கூடாது. அடிவாரத்துக் கிராமங்களில் கோயில் புளியமரமோ பட்டா நிலத்து மாமரமோ என்றால் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டால் போதும். உண்மையில் முதன்முதலாகத் தேடுபவர்களுக்கு அடிவாரத்துப் பழைய புளியமரங்கள்தான் சுலபம். தனித்தனியாக நிற்கும், சுற்றிவர இடம் இருக்கும், பொந்தும் நிறைய.

வயதான மரத்தைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அளவுக்குத் தடித்த புளி, மா, பலா, அத்தி, நாவல். தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் நேராக வளர்ந்து, பட்டை ஒட்டியே கிடக்கும். அதில் கிளை கழித்த இடம் உளுத்துக் குழியாகியிருந்தால் மட்டும் பாருங்கள். பொந்து எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் கண் தானாக அங்கே போகும். கிளை முறிந்தோ வெட்டியோ போன முனையில் மழைநீர் இறங்கி, உள்கட்டை அழுகி, விளிம்பில் மட்டும் புதுப்பட்டை உருண்டு வளர்ந்திருக்கும். பார்ப்பதற்கு உதடு போல இருக்கும். அந்த உதட்டுக்குள்தான் வீடு. மரங்கொத்தி விட்டுப்போன துளைகளும், பட்டை பிளந்து கட்டையிலிருந்து விலகி நிற்கிற இடங்களும் அடுத்தது.

குடியிருக்கிற பொந்தையும் வெறும் பொந்தையும் பிரித்துச் சொல்ல மூன்று அடையாளங்கள் உண்டு. வாயின் உள்விளிம்பில் வெண்ணிறப் பட்டு, சிலந்தி வலை போலத் தொங்காமல், சுவரோடு பூசியது போல ஒட்டியிருக்கும். பழைய பொந்தில் அந்தப் பட்டில் மரத்தூளும் இலைத்துணுக்கும் சேர்ந்து திரை மாதிரி ஆகியிருக்கும். அதற்கு நேர் கீழே மரத்தடியில் வண்டின் இறக்கை உறை, கரப்பான் கால், வெட்டுக்கிளித் தலை எனச் சாப்பாட்டு மிச்சம் கிடக்கலாம். மூன்றாவது, அதிர்ஷ்டம் இருந்தால், உரித்த சட்டை. எட்டுக் காலும் நச்சுப்பல்லும் அப்படியே இருக்க, முதுகு மூடி மட்டும் திறந்துகொண்டு, செத்த சிலந்தி போலவே கிடக்கும். தூக்கினால் காகிதம் போல எடையே இருக்காது.

மாறாகப் பொந்து வாயில் எறும்புச் சாரையோ தேனீயோ இருந்தால் விட்டுவிடுங்கள். விளிம்பு வழவழவென்று எண்ணெய் பிடித்தது போல இருந்தால் அணிலோ பல்லியோ தினமும் போய்வருகிறது என்று அர்த்தம்.

குச்சி விட்டுக் கிளறவோ, புகை போடவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். பட்டுத் திரை கிழிந்தால் அதை மறுபடி கட்டச் சிலந்திக்குப் பல இரவு பிடிக்கும். உள்ளே முட்டைப்பை இருந்தால் பயத்தில் தாயே அதைத் தின்றுவிடவும் கூடும். இந்த இனத்தில் குஞ்சுகள் பொரிந்த பிறகும் சில மாதம் தாயோடு ஒரே பொந்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கும். டாரன்டுலாக்களில் அரிதான பழக்கம் இது. ஒரு குச்சி, ஒரு குடும்பத்தையே கலைத்துவிடும்.

மரத்தைக் குறித்துக்கொள்ள பெயின்ட் அடிக்காதீர்கள், ஆணியும் வேண்டாம். நோட்டில் எழுதுங்கள்: மரம், சுற்றளவு, தரையிலிருந்து பொந்தின் உயரம், அது பார்க்கிற திசை, வாயின் அகலம். அகலத்தைப் பகலில் ஸ்கேலைப் பக்கத்துப் பட்டையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், இரவில் சிலந்தி வெளியே வந்ததும் அதே பட்டை மேட்டையும் பள்ளத்தையும் வைத்து அதன் நீளத்தைக் கணக்குப் போடலாம். சிலந்தி பக்கத்தில் ஸ்கேல் நீட்ட வேண்டிய தேவையே வராது.

எப்போது போவது, எதைக் கொண்டுபோவது

ஜூன் முதல் நவம்பர் வரை நல்ல காலம். மழை விழுந்தால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் சிலந்தி தினமும் வாசலுக்கு வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சியில் உள்ளே ஆழமாகப் போய் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பல இரவு வெளியே தலைகாட்டாது. மழை கொட்டும்போதும் காற்று பலமாக அடிக்கும்போதும் போவது வீண். சிலந்தி உலகத்தை அறிவது பெரும்பாலும் அதிர்வால்தான். மரமே ஆடிக்கொண்டிருந்தால் எது இரை, எது ஆபத்து என்று அதற்குத் தெரியாது, உள்ளேயே இருந்துவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன, காற்றில்லாத, புழுக்கமான இரவு கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, ஏழரை முதல் பத்து மணிக்குள். ஆளுக்கொரு டார்ச்சும் மாற்று பேட்டரியும், டார்ச் கண்ணாடியில் ஒட்ட சிவப்பு ஜெலட்டின் தாள் இரண்டு மடிப்பு, கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ, முழுக்கால் பேன்ட், ஒரு நீளமான கம்பு. கம்பு சிலந்திக்கு அல்ல, நடக்கும் வழியில் தட்டிப் பார்க்க. மூங்கில் குழிவிரியன் காப்பிச் செடி உயரத்திலேயே கிளையில் சுருண்டிருக்கும், அடிவாரத்தில் கண்ணாடிவிரியன் உண்டு. கையை எங்கே வைக்கிறோம் என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் மரத்தைத் தொடாதீர்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் இதைவிடப் பெரிய கவலை காட்டெருமை. செடி மறைவில் சத்தமில்லாமல் நிற்கும். புதிய சாணியோ மிதிபட்ட செடியோ கண்டால் அன்றைய நடையை அங்கேயே முடித்துத் திரும்புங்கள். தனியாகப் போக வேண்டாம், மூன்று பேருக்கு மேலும் வேண்டாம்.

புறஊதா (யு.வி.) டார்ச் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிலந்தி தெரியாது, ஆனால் நட்டுவாக்காலியும் மற்றத் தேள்களும் பச்சையாக ஒளிரும். உட்காரும் முன் அந்த இடத்தை ஒரு சுற்று அடித்துப் பார்க்கப் பயன்படும்.

பொந்தின் முன்னால்

கடைசி பத்து மீட்டரைப் பாதத்தை முழுதாக ஊன்றி, மெதுவாக நடந்து கடந்துசெல்லுங்கள். மரத்தின் வேர் மீது மிதிக்கக் கூடாது, அதிர்வு நேராகப் பொந்துக்குப் போகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். வெள்ளை வெளிச்சத்தை நேராக வாயில் அடிக்காமல், சிவப்பு வெளிச்சத்தைப் பொந்துக்கு ஒரு கை தள்ளிப் பட்டையில் அடியுங்கள். சிதறுகிற வெளிச்சமே போதும். பிறகு சும்மா இருங்கள். பதினைந்து நிமிடமாவது. பலரும் தோற்பது இங்கேதான். ஐந்து நிமிடத்தில் பொறுமை போய் அடுத்த மரத்துக்கு நடந்துவிடுகிறார்கள், அந்த நடையின் அதிர்விலேயே சிலந்தி இன்னும் உள்ளே போய்விடுகிறது.

முதலில் தெரிவது உடல் அல்ல. பொந்தின் கீழ்விளிம்பில் இரண்டு கால் நுனிகள் வந்து ஒட்டும், யாரோ உள்ளிருந்து ஜன்னல் கட்டையில் இரண்டு விரல் வைத்தது போல. நுனி அகன்று, மெத்தென்ற நுண்மயிர்ப் பட்டை கட்டியிருக்கும். கண்ணாடியிலேயே ஏற வைப்பது அந்தப் பட்டைதான். ஒரு நிமிடமோ பத்து நிமிடமோ அப்படியே இருக்கும். அசைவில்லையென்றால் நாலு கால், பிறகு சாம்பலும் வெள்ளையும் கலந்த தலைப்பகுதி, நடுவில் கடுகளவு மேட்டில் நெருக்கமாக எட்டுக் கண். கடைசியில் வயிறு, அதன் மேல் விளிம்பு வளைந்து வளைந்து போகிற வெளிர் இலை போன்ற கோலம். பாசி படிந்த பட்டையில் முழுதாக வந்து அமர்ந்த பிறகு, ஒரு நொடி கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். அவ்வளவு பொருத்தமான நிறம்.

மேலிருந்து பார்த்து இனம் சொல்வது கடினம், சொல்லாமல் இருப்பதே நல்லது. அடிப்பக்கம் தெரிந்தால் கொஞ்சம் சொல்லலாம். முன்னங்கால்களின் அடியில் பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புப் பட்டையும் இந்தப் பேரினத்தின் அடையாளம். வயிற்றின் அடியில் குறுக்காக ஓர் அகன்ற வெளிர் பட்டை இருந்தால் ரீகாலிஸாக இருக்கலாம். ஜன்னல் கண்ணாடியில் ஏறி நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து எடுத்த படம்தான் இதற்குச் சிறந்தது. அடிப்பக்கம் பார்ப்பதற்காகச் சிலந்தியைச் சீண்டிக் காலைத் தூக்க வைப்பது தவறு. அது தூக்குவது மிரட்டுவதற்கு. மிரட்டலின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் பட்டையோடு பட்டையாகத் தட்டையாகும். அப்போதே நீங்கள் பின்வாங்கியிருக்க வேண்டும். அடுத்து கண் இமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் பாயும். வழி மறிக்கப்பட்டிருந்தால் முன்கால்களைத் தூக்கி மஞ்சளைக் காட்டும். அதற்குப் பிறகு கடி. சில நேரம் இந்த வரிசையில் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு நேராகக் கடைசிக்கும் போகும்.

டார்ச் வெளிச்சத்தில் தரையில் பச்சை நீலமாகப் பொட்டுப் பொட்டாக மின்னுகிற கண்கள் ஓநாய்ச் சிலந்திகளுடையவை. அவற்றை எண்ணிக்கொண்டு போனால் இரவு முழுக்க மகிழ்ச்சியாகப் போகும், ஆனால் டாரன்டுலா கணக்கில் சேராது. வீட்டுச் சுவரில் நண்டு போலக் கால்களைப் பக்கவாட்டில் மடித்து, முட்டைப்பையை வட்ட மாத்திரை போல நெஞ்சோடு பிடித்திருக்கிற பெரிய சிலந்தியும் வேறு. அது கரப்பானைத் தின்னும் வீட்டுச் சிலந்தி. உடல் மெலிது, மயிர் அடர்த்தி கிடையாது. மலைப்பாதையின் மண்வெட்டுச் சரிவுகளில் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டத் துளையும் விளிம்பில் பட்டு வளையமும் கண்டால், அது தரைவாழ் டாரன்டுலாவாகவோ கதவுச் சிலந்தியாகவோ இருக்கும். ஓடைக்கரை நண்டு வளைக்கும் எலி வளைக்கும் பட்டு விளிம்பு கிடையாது.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷ் முன்னால் டிஷ்யூ தாள் இரண்டு மடிப்பு வைத்து, ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று, பத்துப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போவதற்கு முன்பே கைபேசியில் கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். இது வெறும் ஜாக்கிரதைக்காகச் சொல்வது அல்ல. இந்தச் சிலந்திகளை வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காகத் திருடுபவர்கள் உண்டு. 2019-இல் பொயிசிலோதீரியா முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதே அதனால்தான். 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சைட்டஸ் பட்டியலில் உள்ளவற்றைத் தனக்குள் கொண்டுவந்தது. படத்தைப் பகிருங்கள், 'ஏற்காடு' என்றோ 'சேலம் மாவட்டம்' என்றோ போடுங்கள். தோட்டத்தின் பெயரையும் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு எண்ணையும் போடாதீர்கள். ஒரு பொந்தைக் காலி செய்ய ஒருவனுக்கு ஓர் இரவு போதும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக்குள்ளோ தங்கும் விடுதிக் குளியலறையிலோ நுழைவது பெரும்பாலும் ஆண். கடைசிச் சட்டையை உரித்த ஆண், பெண் தேடிப் பொந்தை விட்டுக் கிளம்பும். கால் நீளம், உடல் ஒல்லி, வாய்க்குப் பக்கத்திலுள்ள இரு சிறு கால்களின் நுனியில் மொக்கு போன்ற உறுப்பு இருக்கும். அது உங்களைத் தேடி வரவில்லை. திரும்பிப் போகவும் வழி தெரியவில்லை.

துடைப்பத்தால் அடிக்கத் தோன்றும். வேண்டாம், ஈர்க்கில் சிக்கிக்கொண்டு கைப்பிடி வரை ஓடிவரும். கரப்பான் ஸ்பிரேயும் வேண்டாம். உடனே சாகாது, நரம்பு கெட்டு அறை முழுக்கத் தாறுமாறாக ஓடும், கடிபட அதுதான் அதிக வாய்ப்பு.

வாயகன்ற, கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, வாய் குறைந்தது 18 செ.மீ. இருக்கட்டும். ஒரு கெட்டி அட்டை, பழைய தினசரி நாட்காட்டியின் பின்னட்டை கச்சிதமாக இருக்கும். 30 செ.மீ. கைப்பிடியுள்ள பெயின்ட் பிரஷ். குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பி, மின்விசிறியை அணைத்து, கதவிடுக்கைத் துணியால் அடையுங்கள். சிலந்தி சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால், கீழே தலையணை அல்லது மடித்த போர்வை போட்டுவிட்டுத் தொடங்குங்கள். காரணம் இருக்கிறது. சிலந்தி தன் கால்களை நீட்டுவது பெரும்பாலும் உடல் திரவத்தின் அழுத்தத்தால். வயிறு என்பது அந்தத் திரவம் நிறைந்த மெல்லிய பை. மரத்தில் அது விழுவதில்லை, பிடித்துக்கொள்கிறது. சிமென்ட் தரையில் விழுந்தால் பை கிழிந்து, கால்களை நீட்ட முடியாமல் உள்ளுக்கு மடக்கிக்கொண்டு செத்துவிடும். செத்த சிலந்தி கால் சுருண்டு கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

டப்பாவை மேலிருந்து, சீராக, அவசரமில்லாமல் கொண்டுவந்து கவிழ்த்து மூடுங்கள். படாரென்று மூடினால் ஒரு காலாவது விளிம்பில் நசுங்கும். எட்டுக் கால் நுனியும் உள்ளே இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், வெளியே ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் டப்பாவை ஒரு மயிரிழை தளர்த்தி, அது உள்ளிழுக்கும்வரை காத்திருங்கள். பிறகு அட்டையைச் சுவரோடு ஒட்டிச் செருகுங்கள். அட்டை காலில் தட்டினால் சிலந்தி தானே டப்பாவின் அடிப்பக்கத்துக்கு ஏறிவிடும். அட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி திருப்பி, மூடியைப் போடுங்கள். மூலையில் ஒடுங்கியிருந்தால் டப்பாவை அதன் முகத்துக்கு முன் வைத்து, பிரஷ்ஷால் பின்னங்காலை இலேசாகத் தொடுங்கள், முன்னால் நகரும். பிரஷ்ஷை முகத்துக்கு நீட்டினால் கடிக்கும், அல்லது கைப்பிடி வழியே ஏறும்.

அன்றிரவே, வீட்டிலிருந்து ஐம்பது அல்லது நூறு மீட்டருக்குள், பட்டை கரடுமுரடான பெரிய மரமாகப் பார்த்து, டப்பா வாயை மரத்தோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் பிடித்துத் திறந்து, அது ஏறும்வரை நில்லுங்கள். வெட்டவெளியில் தரையில் விட்டால் காலையில் மைனாவுக்கோ சிலந்திக் குளவிக்கோ இரையாகும். குளவி கொட்டிச் செயலிழக்க வைத்து, உயிரோடு இழுத்துப்போய் அதன் மேல் முட்டையிடும்.

சிலந்தி மல்லாந்து கால்களை விரித்துக் கிடந்தால் செத்ததென்று பெருக்கித் தள்ளாதீர்கள். சட்டை உரிக்கிறது. மணிக்கணக்கில் ஆகலாம். அறையைப் பூட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உரித்த உடனே உடல் மெத்தென்றிருக்கும், அப்போது தொட்டாலே காயம்.

கடித்துவிட்டால்

இந்தச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. அதற்காகச் சாதாரணம் என்று நினைக்காதீர்கள், டாரன்டுலாக்களிலேயே கடி கடுமையானவற்றில் இந்தப் பேரினம் ஒன்று. கடுமையான வலி, வீக்கம், வியர்வை வரும். இதன் தனி அடையாளம் தசைப்பிடிப்பு. உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரும், அடங்கியது போலிருந்து சில நாள் கழித்து மறுபடியும் வரும். கடிபட்ட கை சரியாகிவிட்டது என்று மூன்றாம் நாள் வண்டி ஓட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்க வேண்டாம்.

சோப்பு போட்டுக் கழுவி, மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, மாற்றி மாற்றி. வலிக்குப் பாரசிட்டமால். அறுக்க வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பாம்புக்கடிக்கான மருந்து இதற்கு வேலை செய்யாது. மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம், உடம்பெங்கும் தசைப்பிடிப்பு இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மலை இறங்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பெரிய சிலந்தியின் இரண்டு பல் தடமும் பக்கத்துப் பக்கத்தில், பாம்புப் பல் தடம் போலவே இருக்கும். இருட்டில் எது கடித்தது என்று கண்ணால் பார்க்கவில்லையென்றால், அதைப் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், உடனே மருத்துவமனைக்கு. 'சிலந்தியாகத்தான் இருக்கும்' என்று காத்திருந்து இழக்கிற ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

தோட்டக்காரர்களுக்கு

பொந்து உள்ள மரத்தைப் பலர் நோயுற்ற மரம் என்று எண்ணிச் சிமென்ட் வைத்து அடைக்கிறார்கள். அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி அழுகல் கூடும், மரத்துக்கும் நன்மை இல்லை. அடைத்தே தீர வேண்டுமென்றால் முதலில் இரண்டு இரவு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தண்டுத் துளைப்பானுக்குக் காப்பிச் செடியில் மருந்தடிக்கும்போது குழாயை நிழல் மரத்தின் அடிமரத்துக்கு ஓட்டாதீர்கள். துளைப்பான் காப்பித் தண்டில் இருக்கிறது, பலாப் பொந்தில் இல்லை.

நிழல் மரத்தின் கிளை கழிக்கும் நாளுக்கு முன் மேஸ்திரியோடு ஒரு சுற்று நடந்து, பட்டு விளிம்புள்ள பொந்துகளைக் காட்டிக் கொடுங்கள். அந்தக் கிளையை வெட்டாமல் விட முடிந்தால் அதுவே போதும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பொந்துக்கு மேலும் கீழும் அரை மீட்டர் விட்டு அறுத்து, துண்டைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குங்கள். வாயை ஈரச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள், அறுப்பவர் கைக்குச் சிலந்தி வராது. அதே நாளில் பக்கத்துப் பெரிய மரத்தில், பொந்து வாய் முன்பிருந்த உயரத்திலும் திசையிலும் இருக்கும்படி, நிமிர்ந்தவாறே கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டி, இருட்டிய பிறகு சாக்கை எடுத்துவிடுங்கள். கம்பி போடாதீர்கள், மரத்தை அறுக்கும். தேங்காய் நார்க் கயிறே நல்லது, அது இற்று விழுவதற்குள் சிலந்தி வேறு பொந்து பார்த்திருக்கும்.